நம் வாக்கின் எடை



அய்யாவின் நினைவு நாளில் பேச வேண்டும் என்று நல்லூர்த் தோழர்கள் கேட்டபோது, இலக்கியம் பேசட்டுமா, அரசியல் பேசட்டுமா என்று கேட்டேன். "அய்யா கேட்டுக்கிட்டே இருந்த கேள்வி ஒண்ணு இருக்கே, அதைப் பேசுங்க" என்றார்கள். அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

அய்யாவைப் பார்த்திராத இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். அவர் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை அடுக்கும் வேலை பார்த்தவர். தேர்தல் வந்தால் பூத் ஏஜெண்டாகவோ, எண்ணிக்கை மேசையில் ஏஜெண்டாகவோ உட்கார்ந்துவிடுவார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். சுற்றுக்குச் சுற்று யாருக்கு எவ்வளவு என்று எழுதுவார். முடிவு அறிவித்த பிறகு எல்லாரும் பட்டாசு வெடிக்கவோ வீட்டுக்குப் போகவோ கிளம்புவார்கள். அவர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து கூட்டிப் பார்ப்பார். பிறகு கேட்பார்: "ஜெயிச்சவருக்கு விழுந்தது இவ்வளவு. மிச்சப் பேர் போட்ட ஓட்டெல்லாம் எங்க போச்சு?"

அன்று இதை ஒரு வயதானவரின் புலம்பலாக எடுத்துக்கொண்டோம். உலகம் முழுக்க நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்பட்டுவரும் கேள்வி அது என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளில் ஒன்றின் பெயர் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம். அது என்ன, நமக்கு அது ஏன் தேவை, அதில் நாம் கவனமாக இருக்க வேண்டியது எது என்பதை விளக்குவதே இந்த உரையின் நோக்கம். எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்க நான் வரவில்லை. கட்சிகளின் பெயர் வரும் இடத்திலெல்லாம் அவற்றைக் கணக்குக்காக மட்டுமே சொல்கிறேன்.

முந்தியவருக்கே எல்லாம்

இன்று நம் நாட்டில் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் நடப்பது, முந்தியவருக்கே வெற்றி என்ற முறை. ஒரு தொகுதியில் நூறு பேர் வாக்களிக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு 34, அடுத்தவருக்கு 31, மூன்றாமவருக்கு 20, நான்காமவருக்கு 15. 34 வாங்கியவர் உறுப்பினர் ஆகிறார். அவர் வேண்டாம் என்று வாக்களித்தவர்கள் 66 பேர். அந்த 66 வாக்கும் எண்ணப்படுகின்றன, அறிவிக்கப்படுகின்றன, அதோடு சரி. அவற்றால் அவைக்கு ஒரு ஆள்கூடப் போவதில்லை.

ஒரு தொகுதியில் இப்படி நடப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாற்காலியை இரண்டாகப் பிளக்க முடியாது. ஆனால் 234 தொகுதியிலும் இதுவே நடந்து, எல்லாவற்றையும் கூட்டும்போது மாநிலத்தின் தீர்ப்பே உருமாறிவிடுகிறது.

நம் மாநிலத்துக் கணக்கையே பாருங்கள். 1991 சட்டமன்றத் தேர்தலில் திமுக ஏறக்குறைய 22 விழுக்காடு வாக்கு வாங்கியது. கிடைத்தது 2 இடம். அடுத்து 1996இல் அதிமுக ஏறக்குறைய அதே அளவு, 21 விழுக்காட்டுக்கு மேல் வாங்கியது. கிடைத்தது 4 இடம். அதே 1996இல் மதிமுக 5 விழுக்காட்டுக்கு மேல் வாங்கியும் ஓரிடமும் இல்லை. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக 44 விழுக்காடு வாங்கி 39இல் 37 இடங்களை எடுத்துக்கொண்டது. 23 விழுக்காட்டுக்கு மேல் வாங்கிய திமுகவுக்கு ஓரிடமும் இல்லை. நாலு பேரில் ஒருவர் போட்ட வாக்கு டெல்லிக்குப் போய்ச் சேரவே இல்லை.

அதே 2014இல் நாடு முழுவதும் அதிக வாக்கு வாங்கிய கட்சிகளில் மூன்றாவது, பகுஜன் சமாஜ் கட்சி. வாங்கிய வாக்கு 4 விழுக்காட்டுக்கு மேல். கான்ஷிராம் தொடங்கிய அந்தக் கட்சிக்கு உத்தரப் பிரதேசத்தில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு வாக்கு விழுந்தது. மக்களவையில் இடம் பூஜ்யம்.

விருத்தாசலம் சொன்ன பாடம்

இதற்கு நம் பக்கத்து ஊரைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை. 2006இல் தேமுதிக 232 இடங்களில் தனியாக நின்றது. மாநிலம் முழுக்க 8 விழுக்காட்டுக்கு மேல் வாங்கியது. வென்ற இடம் ஒன்றே ஒன்று. அது விருத்தாசலம். அந்தக் கட்சிக்கு வாக்களித்த பல லட்சம் பேருக்கும் சேர்த்து நம் விருத்தாசலத்திலிருந்து ஒரே ஒரு குரல் போனது. வாக்கு விகிதப்படி பார்த்தால் 19 அல்லது 20 இடம் கிடைத்திருக்க வேண்டும்.

அடுத்த தேர்தல் 2011. அதே கட்சி அதிமுகவோடு கூட்டணி வைத்தது. வாக்கு விகிதம் கொஞ்சம் குறைந்து 8 விழுக்காட்டுக்குக் கீழே போனது. கிடைத்த இடமோ 29! எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் வந்தது. வாக்கு குறைந்தால் இடம் குறைய வேண்டும், இங்கே ஒன்று இருபத்தொன்பது ஆனது.

இந்த இரண்டு தேர்தலையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். சிறிய கட்சிக்கு இந்த முறை சொல்லும் செய்தி ஒன்றுதான்: "மக்களிடம் போகாதே, பெரிய கட்சியின் வாசலுக்குப் போ." எத்தனை பேர் உன்னை நம்புகிறார்கள் என்பதைவிட, யாரிடம் எத்தனை இடம் பேசி வாங்கினாய் என்பதே உன் கணக்கை முடிவு செய்யும்.

தலித் அரசியலுக்கு இதன் பொருள் என்ன என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இன்றைய திட்டக்குடித் தொகுதிக்கு முன்பு இங்கே மங்களூர் தொகுதி இருந்தது. 2001இல் அங்கே தொல். திருமாவளவன் வென்றார். வென்றது உதயசூரியன் சின்னத்தில். 2004இல் அந்தப் பதவியை விட்டு விலகினார். தன் கொடியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றால் தோல்வி, இன்னொருவர் சின்னத்தில் நின்றால் வெற்றி, வென்ற பிறகு அந்தச் சின்னத்துக்குக் கட்டுப்பாடு. அதே தலைவர் 2016இல் காட்டுமன்னார்கோயிலில் 87 வாக்கில் தோற்றார். நாற்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் போட்ட வாக்கை அந்த 87 வாக்கு இல்லாமல் ஆக்கிவிட்டது. யார் தோற்றார் என்பதல்ல என் கவலை. ஒரு தெருவே போய் வரிசையில் நின்று போட்ட வாக்கு, கணக்கில் எதுவுமே போடாததற்குச் சமமாகிப் போகிறதே, அதுதான் கவலை.

தனித்தொகுதி தந்ததும் தராததும்

"நமக்குத்தான் தனித்தொகுதி இருக்கிறதே, இந்தக் குறை நம்மை எப்படிப் பாதிக்கும்?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 44 இடங்கள் பட்டியல் சாதியினருக்கு, 2 இடங்கள் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை. நம் கடலூர் மாவட்டத்தின் ஒன்பது தொகுதிகளில் திட்டக்குடியும் காட்டுமன்னார்கோயிலும் தனித்தொகுதிகள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்த மாவட்டத்தில் பத்தில் ஏறக்குறைய மூன்று பேர் பட்டியல் சாதியினர். தனித்தொகுதி இல்லாவிட்டால் சட்டமன்றத்தில் நம் முகமே இருந்திருக்காது. அதை யார் குறைத்துப் பேசினாலும் நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் தனித்தொகுதியில் நிற்பவர்தான் நம்மவர். தேர்ந்தெடுப்பவர்கள் எல்லாரும். அந்தத் தொகுதியிலும் நாம் பெரும்பாலும் சிறுபான்மைதான். நிற்கும் நான்கு பேரும் நம்மவர் என்றால், அவர்களில் யார் போவது என்பதை முடிவு செய்வது மற்றவர்களின் வாக்கு. சேரியில் நூற்றுக்குத் தொண்ணூறு வாக்கு வாங்கியவர் தோற்கலாம். சேரிக்குள் வராமலேயே ஒருவர் வெல்லலாம். நம் கோபத்தைப் பேசுபவருக்கு வெல்வது கடினம். யாரையும் சங்கடப்படுத்தாதவருக்கு எளிது.

இதன் மிக அசிங்கமான வடிவத்தை மதுரை மாவட்டத்தில் பார்த்தோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுகள் அங்கே முறையான தலைவர் இல்லை. வேட்புமனு போடவிடாமல் தடுத்தார்கள். தடுக்க முடியாதபோது தங்கள் பேச்சைக் கேட்கும் ஒருவரை நிறுத்தி, வெல்ல வைத்து, உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006இல்தான் அது முடிவுக்கு வந்தது. மேலவளவில் தலைவரான முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார். நாற்காலியை ஒதுக்கிவிட்டு, அதில் உட்காருவது யார் என்ற முடிவை மற்றவர் கையில் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இவை சாட்சி.

தனித்தொகுதி உறுப்பினர்கள் எல்லாரும் வாய்மூடிகள் என்று சொல்லவில்லை. நம் மாவட்டத்தின் இளையபெருமாள் 1952இல் கடலூர் இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர். காங்கிரஸ்காரர். அவர் தலைமையிலான குழு 1969இல் தந்த அறிக்கை, நாட்டில் தீண்டாமை எப்படியெல்லாம் நடக்கிறது என்பதை அரசின் முன்னால் அம்பலமாக்கி வைத்தது. மனிதர்கள் முறையை மீறி உயர்வதுண்டு. ஆனால் ஒரு சமூகம் விதிவிலக்கான மனிதர்களை மட்டுமே நம்பியிருக்க முடியாது.

இன்னொன்று. நம்மில் பெரும்பாலோர் வாழ்வது தனித்தொகுதியில் அல்ல, பொதுத்தொகுதியில். விருத்தாசலம் பொதுத்தொகுதி. இங்கே நம் வாக்கு யாரையாவது வெல்ல வைக்கலாம், தோற்க வைக்கலாம். நமக்கென்று ஒருவரை அனுப்பவேண்டும் என்று நினைத்தால் அது முடியாது. தனித்தொகுதி நமக்கு நாற்காலி தந்தது. நம் வாக்குக்கு எடை தரவில்லை. இதுதான் நான் இன்று சொல்ல வந்த செய்தி.

அம்பேத்கர் கண்ட நான்கு தேர்தல்கள்

எண்ணும் முறை மாறினால் முடிவும் எப்படி மாறும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையே பாடம்.

1932இல் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தது. தாழ்த்தப்பட்டோர் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியும், பொதுத்தொகுதியில் இன்னொரு வாக்கும் அதில் இருந்தன. காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாண அவைகளில் 71 ஆக இருந்த இடம் 148 ஆனது. தனி வாக்காளர் தொகுதி போனது. பதிலாக இரண்டு சுற்று வந்தது. முதற்சுற்றில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். இறுதிச்சுற்றில் அந்த நால்வரில் ஒருவரை எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள்.

முதல் தேர்தல், 1937. பம்பாய் மாகாணத்தில் ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள். எத்தனை இடமோ அத்தனை வாக்கு ஒருவருக்கு. எல்லா வாக்கையும் ஒரே வேட்பாளருக்குக் குவித்துப் போடலாம். நம் மக்கள் குவித்துப் போட்டார்கள். அம்பேத்கர் வென்றார். அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி நிறுத்திய 17 பேரில் பெரும்பாலோர் வென்றார்கள்.

இரண்டாவது, 1946. மாகாணத் தேர்தலில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்குப் பெருந்தோல்வி. நம் மக்கள் மட்டும் வாக்களித்த முதற்சுற்றில் முன்னால் வந்தவர்கள்கூட, எல்லாரும் வாக்களித்த இறுதிச்சுற்றில் பல இடங்களில் தோற்றார்கள். அதே ஆண்டு அரசியல் நிர்ணய சபைக்கு மாகாண அவை உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். பம்பாயிலிருந்து அம்பேத்கருக்கு வழியில்லை. வங்காளத்தில் ஜோகேந்திரநாத் மண்டலும் ஒரு சில தலித் உறுப்பினர்களும் அவருக்கு வாக்களித்தார்கள். கைவிரல்களில் எண்ணக்கூடிய அந்தச் சில வாக்குகளால் அவர் வென்றார். எப்படி? அந்தத் தேர்தல் ஒற்றை மாற்று வாக்கு என்ற விகிதாச்சார முறையில் நடந்தது. ஒரு குறிப்பிட்ட அளவு வாக்கு சேர்ந்தால் போதும், ஓரிடம் உறுதி. முந்தியவருக்கே எல்லாம் என்று அன்று எண்ணியிருந்தால், அரசியல் சட்டத்தை எழுதிய கை அந்த அவையின் வாசலிலேயே நின்றிருக்கும். பிரிவினைக்குப் பிறகு 1947இல் பம்பாயிலிருந்து அவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டது அடுத்த கட்டம்.

மூன்றாவது, முதல் பொதுத்தேர்தல். வட பம்பாய் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒருவருக்கு இரண்டு வாக்கு உண்டு. ஆனால் 1937 போல இரண்டையும் ஒருவருக்கே போடக்கூடாது என்று விதி மாறியிருந்தது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் செல்லாதவையாக ஒதுக்கப்பட்டன. அம்பேத்கர் சுமார் 14,000 வாக்கில் தோற்றார். அவரும் சோஷலிஸ்ட் தலைவர் அசோக் மேத்தாவும் வழக்குப் போட்டும் பயனில்லை.

நான்காவது, அதே 1952இல் மாநிலங்களவைத் தேர்தல். அங்கே அன்றும் இன்றும் ஒற்றை மாற்று வாக்குதான். அம்பேத்கர் வென்றார். 1956இல் மறையும் வரை அந்த அவையின் உறுப்பினராக இருந்தார்.

மனிதர் ஒருவர்தான். அவர் பின்னால் நின்ற மக்களும் அதே மக்கள்தான். வாக்கைக் குவிக்கவோ விகிதப்படி எண்ணவோ இடமிருந்தபோது வென்றார். பெரும்பான்மைக்கே எல்லாம் என்றபோது தோற்றார்.

"ஆனால் அவரே எதிர்த்தாரே?"

உண்மை, மறைக்க வேண்டியதில்லை. 1949 ஜனவரி 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் காஜி சையத் கரீமுதீன் விகிதாச்சார முறையைக் கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. அவர் சொன்ன காரணங்கள் முக்கியமாக மூன்று. இந்த முறைக்குப் பரவலான எழுத்தறிவு வேண்டும். அவை பல துண்டுகளாகச் சிதறினால் நிலையான அரசு அமையாது. சிறுபான்மையினருக்கு இட ஒதுக்கீடு தருவதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

அன்று அவர் பேசியது அன்றைய நாட்டை வைத்து. 1951 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பது. மேலும், வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று எண் போடும் ஒற்றை மாற்று வாக்குக்குத்தான் எழுத்தறிவு தேவை. கட்சிப் பட்டியல் முறையில் இன்று போலவே சின்னத்தைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

நிலையான அரசு? 1989க்குப் பிறகு கால் நூற்றாண்டு, முந்தியவருக்கே வெற்றி என்ற இதே முறையில் மத்தியில் எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை கிடைக்கவில்லை. கூட்டணி ஆட்சியோ சிறுபான்மை ஆட்சியோதான் நடந்தது. நாடு உடைந்துவிடவில்லை. நிலையான அரசு வேண்டும் என்பது சரி. யாருக்கு நிலையானது என்றும் கேட்க வேண்டும்.

ஒதுக்கீடு போதுமா என்ற மூன்றாவது காரணத்துக்கு எழுபதாண்டு அனுபவம் விடை சொல்லியிருக்கிறது. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளும் ஒழிக்கப்பட்டு, இன்றுள்ள ஒற்றை உறுப்பினர் தனித்தொகுதி மட்டும் மிஞ்சியது. அம்பேத்கரைப் படிப்பது என்றால் அவர் எந்தக் காரணத்தால் ஒன்றைச் சொன்னார் என்று பார்ப்பது. காரணம் மாறினால் முடிவையும் திரும்பப் பார்க்கத் தயங்காதவர் அவர்.

கடலூர் மாவட்டத்தை வைத்து ஒரு கணக்கு

இப்போது முறையைப் பார்ப்போம். பல வகை உண்டு. எளிதான ஒன்றைச் சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

கடலூர் மாவட்டத்தில் ஒன்பது தொகுதிகள். ஒன்பதையும் ஒரே தொகுதியாக்கி ஒன்பது பேரை அனுப்புவதாக வைப்போம். விழுந்த வாக்கு 9 லட்சம். அப்படியானால் ஓர் இடத்தின் விலை 1 லட்சம் வாக்கு. முதல் கட்சிக்கு 3 லட்சத்து 60 ஆயிரம், இரண்டாவதற்கு 2 லட்சத்து 70 ஆயிரம், மூன்றாவதற்கு 1 லட்சத்து 40 ஆயிரம், நான்காவதற்கு 1 லட்சத்து 30 ஆயிரம்.

முழு லட்சங்களுக்கு முதலில் இடம் கொடுங்கள்: 3, 2, 1, 1. ஏழு ஆயிற்று. மீதி இரண்டு இடம். யாரிடம் மீதி வாக்கு அதிகம்? இரண்டாவது கட்சியிடம் 70 ஆயிரம், முதல் கட்சியிடம் 60 ஆயிரம். ஆளுக்கொன்று. முடிவு: 4, 3, 1, 1.

இதே வாக்கு ஒன்பது தொகுதியிலும் இதே விகிதத்தில் பரவியிருந்து இன்றைய முறையில் எண்ணினால் என்ன ஆகும்? எல்லாத் தொகுதியிலும் முதல் கட்சிதான் முந்தும். ஒன்பதும் அதற்கே. நூற்றுக்கு நாற்பது வாங்கி நூறையும் எடுத்துக்கொள்ளும்.

நம் பக்கத்திலிருந்து பாருங்கள். திட்டக்குடியில் கொஞ்சம், நெய்வேலியில் கொஞ்சம், பண்ருட்டியில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும் நம் வாக்கு இன்று எங்கும் வெல்லாது. மாவட்டம் முழுவதும் ஒன்றாக எண்ணினால் அது ஓரிடமாக, இரண்டிடமாகத் திரளும். யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. பெரிய கட்சிகளுக்கும் ஒரு பாடம் வரும். சேரி வாக்கு தோற்றாலும் வென்றாலும் கணக்கில் சேரும் என்றால், அதைக் கேட்டு வந்துதான் ஆக வேண்டும்.

"எங்க ஊருக்குன்னு ஒரு எம்.எல்.ஏ. வேண்டாமா? ரோடு போட யார்கிட்ட போறது?" என்பார்கள். அதற்குக் கலப்பு முறை இருக்கிறது. ஒரு பகுதி இடங்களுக்கு இன்று போலத் தொகுதி உறுப்பினர்கள், மறுபகுதி கட்சிகளின் வாக்கு விகிதப்படி. ஜெர்மனியில் இப்படித்தான். இந்தியச் சட்ட ஆணையமும் 1999இல் நீதிபதி ஜீவன் ரெட்டி தலைமையில் தந்த 170ஆவது அறிக்கையில், மக்களவை இடங்களைக் கூட்டி, கூடுதல் இடங்களைப் பட்டியல் முறையில் நிரப்பலாம் என்று பரிந்துரைத்தது. ஆகவே இது நாலு பேர் கூடிக் காணும் கனவல்ல. அரசின் அலமாரியில் கிடக்கும் அறிக்கை.

இன்னொரு நல்லூர்

நம் ஊர்ப் பெயரிலேயே யாழ்ப்பாணத்திலும் ஒரு நல்லூர் இருக்கிறது. அந்த நாடு இரண்டு முறைகளையும் பார்த்தது. 1977 இலங்கைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறக்குறைய 51 விழுக்காடு வாக்கு வாங்கியது. 168 இடங்களில் 140ஐ அள்ளியது. ஏறக்குறைய 30 விழுக்காடு வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு 8 இடம். அந்த ஆறில் ஐந்து பங்கு பலத்தை வைத்துத்தான் ஜெயவர்த்தனா 1978இல் தனக்குத் தோதான அரசியலமைப்பை எழுதிக்கொண்டார். அதே அரசியலமைப்பில் விகிதாச்சார முறையும் வந்தது. 1989 முதல் நாடாளுமன்றத் தேர்தல் அப்படித்தான் நடக்கிறது. அதனால் தமிழருக்கு நீதி கிடைத்துவிட்டதா? இல்லை. போரையும் அது தடுக்கவில்லை. தேர்தல் முறை வாக்கை ஒழுங்காக எண்ணும். அதிகாரத்தில் இருப்பவரின் மனதை மாற்றாது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நமக்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு நேபாளம். 1999இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 205 பேர் அவையில் ஒரு தலித்தும் இல்லை. மன்னராட்சியை வீழ்த்திய மக்கள் இயக்கத்துக்குப் பிறகு 2008இல் அரசியல் நிர்ணய சபைக்குக் கலப்பு முறையில் தேர்தல் நடந்தது. 601 பேரில் ஏறக்குறைய 50 பேர் தலித்துகள். பெரும்பாலோர் பட்டியல் வழியாக வந்தவர்கள். நேரடித் தொகுதிகளில் வென்றவர்கள் சிலரே. இன்று அங்கே 275 இடங்களில் 110 விகிதாச்சார முறையில் நிரப்பப்படுகின்றன. கட்சிகள் தரும் பட்டியலில் தலித்துகளுக்கு 13.8 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது சட்டம்.

நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு 1867 முதலே தனித்தொகுதி உண்டு. அந்த நாடு 1993இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 1996 முதல் கலப்பு விகிதாச்சார முறைக்கு மாறியது. மாவோரித் தொகுதிகளை ஒழிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. விகிதாச்சாரம் வந்தால் ஒதுக்கீடு போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கும், போய்விட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கும் இதுவே பதில்.

நாம் கவனமாக இருக்க வேண்டியவை

கேட்பதைத் தெளிவாகக் கேட்காவிட்டால், கிடைப்பது நமக்கு எதிராகவும் திரும்பும். நான்கு விஷயங்கள்.

ஒன்று, பட்டியலை யார் எழுதுவது? கட்சித் தலைமை எழுதும் பட்டியலில் நம்மவர் பெயர் கடைசியில் இருந்தால், கட்சி எவ்வளவு வாக்கு வாங்கினாலும் அவர் முறை வராது. பட்டியலின் மேல் வரிசையிலேயே தலித்துகளும் பெண்களும் மாறி மாறி வரவேண்டும் என்று சட்டத்தில் எழுத வேண்டும். அல்லது பட்டியலில் யாரை முன்னால் தள்ளுவது என்ற விருப்ப வாக்கு மக்களிடம் இருக்க வேண்டும்.

இரண்டு, தகுதி வாக்கு. ஜெர்மனியிலும் நியூசிலாந்திலும் 5 விழுக்காட்டுக்குக் கீழே வாங்கும் கட்சிக்குப் பொதுவாகப் பட்டியல் இடம் கிடையாது. தமிழ்நாட்டில் அதை அப்படியே வைத்தால் நம்முடைய இயக்கங்கள்தான் முதலில் வெளியே நிற்கும். இங்கே அந்தக் கோடு மிகத் தாழ்வாக இருக்க வேண்டும்.

மூன்று, நமக்குள்ளேயே சிறியவர்கள். ஆதிதிராவிடர், தேவேந்திரர், அருந்ததியர் என்று பேசும்போது புதிரை வண்ணார் போன்ற சிறு சமூகங்களை மறந்துவிடுகிறோம். பெரும்பான்மை நம்மை விழுங்குகிறது என்று பேசும் நாம், நமக்குள் சிறுபான்மையை விழுங்கக்கூடாது. எண்ணிக்கையை மட்டும் நம்பும் எந்த முறையிலும் இந்த ஆபத்து உண்டு.

நான்கு, தனித்தொகுதியை விட்டுக்கொடுத்துவிட்டு இதை வாங்கக்கூடாது. ஒதுக்கீடு தொடர வேண்டும், அதற்கு மேல் விகிதாச்சாரம் வர வேண்டும். பூனாவில் எண்ணிக்கை கூடியது, தேர்ந்தெடுக்கும் உரிமை போனது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிய அந்தப் பேரத்தை இன்னொரு முறை செய்யக்கூடாது.

"இது சாதிக் கட்சிகளைத்தானே வளர்க்கும்?" என்றும் கேட்பார்கள். இன்று வேட்பாளர் எப்படித் தேர்வாகிறார்? தொகுதியில் எந்தச் சாதி அதிகம் என்று பார்த்துத்தானே? ஒரே இடத்தில் திரண்டு வாழும் பெரிய சாதிக்கு இன்றைய முறை தருவது போனஸ். சிதறி வாழ்பவர்களுக்குத் தருவது அபராதம். ஊருக்கு ஊர் ஒரு தெருவாகச் சிதறி வைக்கப்பட்டவர்கள் நாம். அப்படி வைத்ததும் நாமல்ல.

அய்யாவின் நோட்டு

முடிக்கிறேன். இது நாளைக்கே நடக்கிற காரியமல்ல. அரசியல் சட்டத்தையும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தையும் திருத்த வேண்டும். திருத்த வேண்டியவர்களோ இந்த முறையால் வென்றவர்கள். ஆகவே கோரிக்கை கீழிருந்துதான் எழ வேண்டும்.

இந்த மன்றத்துத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லிவிட்டுப் போகிறேன். அடுத்த தேர்தல் முடிவு வரும்போது ஒரு நோட்டு எடுங்கள். இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் கட்சிகள் வாங்கிய இடம். மற்றதில் வாங்கிய வாக்குப்படி கிடைத்திருக்க வேண்டிய இடம். மாவட்டத்துக்கும் போடுங்கள், மாநிலத்துக்கும் போடுங்கள். தெருவில் நாலு பேரை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். தேநீர்க் கடையில் பேசுங்கள். நம் கதைகளிலும் கவிதைகளிலும் சேரியின் வலியை எழுதியிருக்கிறோம், அதன் வாக்குச் சீட்டையும் எழுதுங்கள்.

பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், வெந்து உடைந்த சில்லைக்கூடத் தூக்கி எறிய மாட்டார்கள். அரைத்து மண்ணோடு சேர்த்துவிடுவார்கள். அடுத்த முறை வேகும் பொருளுக்கு அது பலம். அய்யா தன் கையால் அந்தச் சில்லைக் கூடை கூடையாகச் சுமந்தவர். சில்லுக்கு இருக்கும் மதிப்பு நம் வாக்குக்கு இல்லையே என்பதுதான் அவருடைய ஆதங்கம்.

அவர் கேட்ட கேள்வி இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது. பதில் எழுத வேண்டியது நாம்.